மலைக்குப் போகும் மாத்திரை

புற்றுநோய்ப் பிரிவு மருந்தகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

எனக்குச் சொந்த ஊர் தாண்டிக்குடி. பழநி மலையின் கீழ்ப்பகுதியில் காப்பியும் மிளகும் கமலா ஆரஞ்சும் விளைகிற ஊர். 34 வருஷம் மருந்தாளுநராக வேலை பார்த்தேன். அதில் பின்பாதி முழுக்க, புற்றுநோய் வெளிநோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால். மலைச் சனங்கள் கடைசிவரை என்னைக் கம்பவுண்டர் ஐயா என்றே கூப்பிட்டார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கீமோ என்றால் பாட்டில்தான். கட்டிலில் படுக்க வைத்து நரம்பில் ஏற்றுவார்கள். நர்ஸ் பக்கத்திலேயே இருப்பார். இன்று பலருக்கு வைத்தியமே மாத்திரையாக நடக்கிறது. காலையில் ஓ.பி. சீட்டு, மதியம் மாத்திரை, சாயங்காலம் பஸ். அந்த மாத்திரை வத்தலக்குண்டில் மலை பஸ் ஏறி, பெரும்பாறை, தடியன்குடிசை என்று வளைந்து வளைந்து போய், ஏதோ ஒரு எஸ்டேட் லைன் வீட்டுப் பரணில் உட்காருகிறது. அதன் குணம் தெரிந்தவர் அந்த வீட்டில் யாரும் இல்லை. டாக்டர் அடுத்துப் பார்ப்பது மூன்று வாரம் கழித்து. நீங்கள் ஜன்னலில் பேசுகிற ஐந்து நிமிஷப் பேச்சை வைத்துக்கொண்டுதான் அந்த வீடு மூன்று வாரத்தை ஓட்ட வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

1. சீட்டை வாங்கும்போது, நீட்டுகிற கையையும் பாருங்கள்.

மார்பகப் புற்றுநோய்க்கும் குடல் புற்றுநோய்க்கும் கேப்சிடபின் மாத்திரை நிறையக் கொடுக்கிறோம். உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரிந்து, கறுத்து, தோல் உரிவது அந்த மருந்தின் குணம். காப்பிப் பழம் பறிக்கிற ஓர் அம்மா நான்காவது சுற்றுக்கு வந்திருந்தார். டாக்டரிடம் “ஒண்ணும் இல்லைங்க, நல்லா இருக்கேன்” என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வந்தார். சீட்டை இரண்டு நகங்களுக்கு நடுவில் பிடித்திருந்தார். விரல் நுனி காகிதத்தில் படவே இல்லை. கையைத் திருப்பச் சொன்னேன். ரேகை ஓடுகிற இடமெல்லாம் கறுத்திருந்தது. ஆள்காட்டி விரலின் பக்கத்தில் தோல் வெடித்து உள்ளே சிவப்பு தெரிந்தது. பழத்தைக் காம்போடு திருகுகிற இடம் அது.

“சொன்னா மாத்திரைய நிப்பாட்டிருவாங்க, வேலைக்கும் போகாதேம்பாங்க. செடியில பழம் பழுத்து நிக்குது ஐயா” என்றார்.

அவரைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். கை ஆறும்வரை மருந்தை நிறுத்தி, அதற்குப் பிறகு அளவைக் குறைத்துத் தொடர்ந்தார்கள். வைத்தியம் கெடவில்லை. மறைத்துக்கொண்டு விழுங்கியிருந்தால் அடுத்த சுற்றில் நடக்கவே முடியாமல் போயிருக்கும், அல்லது யாரிடமும் சொல்லாமல் அவரே நிறுத்தியிருப்பார். முதல் சுற்றிலேயே இதைப் பேசிவிடுங்கள். டெல்லி எய்ம்ஸில் 264 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2024-இல் வெளியிட்டார்கள். மூட்டு வலிக்குப் பூசுகிறோமே, அந்த டைக்ளோஃபெனாக் ஜெல்லைக் கையில் தடவி வந்தவர்களில் 3.8 சதவீதம் பேருக்குத்தான் இந்தத் தொல்லை நடுத்தரமாகவோ கடுமையாகவோ வந்தது. மருந்தில்லாத ஜெல் தடவியவர்களில் 15 சதவீதம் பேருக்கு வந்தது. எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரண ஜெல். உங்கள் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

2. கணக்கை நீங்களும் ஒருமுறை போடுங்கள்.

கீமோ மருந்துகளில் பெரும்பாலானவற்றின் அளவு உடம்பின் பரப்பளவை வைத்துத்தான். சென்டிமீட்டரில் உயரம், கிலோவில் எடை, இரண்டையும் பெருக்கி 3600-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சதுர மீட்டர் வரும். 150 சென்டிமீட்டர் உயரமும் 54 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்குச் சரியாக 1.5. சதுர மீட்டருக்கு 1000 மில்லிகிராம் என்றால் வேளைக்கு 1500; அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை மூன்று. அதே பெண் சாப்பாடு இறங்காமல் 44 கிலோவுக்கு வந்துவிட்டால் பரப்பளவு 1.35. பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. சீட்டிலோ போன தடவை எழுதிய அதே மூன்று மாத்திரை இருக்கும். மருந்தகத்திலேயே ஓர் எடை மிஷின் வாங்கி வையுங்கள். கிரியாட்டினின் ரிப்போர்ட்டில் தேதியைப் பாருங்கள். சிறுநீரகம் தளர்ந்தவருக்குக் கேப்சிடபின் மாத்திரையைக் குறைக்க வேண்டும், மிகவும் தளர்ந்தவருக்குக் கொடுக்கவே கூடாது.

1994-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் பேர்பெற்ற ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் பெட்சி லேமன் இறந்தார். வயது 39. நாளிதழில் மருத்துவப் பத்தி எழுதிவந்தவர். நாலு நாளைக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டிய சைக்ளோஃபாஸ்ஃபமைடின் மொத்த அளவை ஒவ்வொரு நாளும் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சீட்டைப் பலர் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் நிறுத்திக் கேட்கவில்லை.

சந்தேகம் வந்தால் மருந்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். போனை எடுங்கள். “டாக்டர், நீங்க தப்பா எழுதியிருக்கீங்க” என்று ஆரம்பிக்க வேண்டாம். “இந்த அம்மாவுக்கு இன்னிக்கு எடை 44 இருக்கு டாக்டர், அளவு மாத்தணுமான்னு பார்த்துச் சொல்றீங்களா” என்றால் போதும். எரிந்து விழுகிறவர்களும் உண்டு. கேட்டு வைத்ததற்காகப் பின்னால் நன்றி சொன்னவர்களே என் அனுபவத்தில் அதிகம்.

3. மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒருநாள். ரத்தப் புற்றுநோயில் தொடர் சிகிச்சைக்கும், முடக்குவாதத்துக்கும் அப்படித்தான். தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் விழுந்து, ஆளே போய்விடுவார். கவரில் “வாரம் ஒருமுறை” என்று எழுதினால் போதாது. கிழமையின் பெயரைப் பெரிதாக எழுதுங்கள்: புதன்கிழமை மட்டும். நம் சனங்களுக்கு 1-0-1 என்று பார்த்துப் பழகிப்போயிற்று. அந்தக் கட்டத்தை இந்த மருந்தின் கவரில் அடித்துவிடுங்கள். வேறொரு மருத்துவமனையின் சீட்டோடு வந்த, ஒன்பது நாள் தொடர்ந்து விழுங்கிய ஒரு பெரியவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் கையிலிருந்த கவரில் 0-0-1 என்று எழுதியிருந்தது.

4. வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரைப் பயன்படுத்துங்கள். கேப்சிடபின் 14 நாள் போட்டு 7 நாள் விட வேண்டும். அந்த ஏழு நாளை மருந்து தீர்ந்துபோன நாள் என்று நினைத்துக் கடையில் வாங்கிப் போட்டவர்கள் உண்டு. மிச்சமிருந்த மாத்திரையை வீணாக்க மனசில்லாமல் விழுங்கியவர்களும் உண்டு. ஜன்னலில் ஒரு காலண்டரை வைத்துக்கொண்டு அவர்கள் கண்ணெதிரே தேதியை எண்ணுங்கள். போடுகிற நாளுக்கு ஒரு குறி, விடுகிற நாளுக்கு ஒரு குறி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அமாவாசையும் கிருத்திகையும் தெரியும். “வர்ற அமாவாசைக்கு மறுநாள் நிறுத்திடணும்” என்றால் மறக்க மாட்டார்.

5. கிருத்திகை என்றதும் இன்னொன்று. தாண்டிக்குடியில் பாலமுருகன் கோயில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கிருத்திகை விரதம், ஐப்பசியில் சஷ்டி விரதம். நோய் வந்தபிறகு விரதம் கூடுமே தவிரக் குறையாது. சாப்பிட்ட அரைமணி நேரத்துக்குள் போட வேண்டிய மாத்திரை கேப்சிடபின். இமாடினிப்பைச் சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு போட வேண்டும். புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அபிராடெரோனுக்கு அப்படியே எதிர், வெறும் வயிற்றில்தான். சாப்பாட்டோடு போட்டால் அந்த மருந்து ரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும். “சாப்பாட்டுக்கு முன்னா பின்னா” என்று சொல்வதோடு விடாதீர்கள். விரதம் இருப்பீர்களா என்று கேளுங்கள். விரதத்தை விடச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய் விரதம் இருப்பார்கள். கஞ்சியோ பழமோ எதைச் சாப்பிட்டால் விரதம் கெடாது என்று அவர்களிடமே கேட்டு, அதைச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடச் சொல்லுங்கள். அநேகம் பேர் ஒப்புக்கொண்டார்கள்.

6. காய்ச்சல்.

இதை மட்டுமாவது மனப்பாடம் செய்யுங்கள். கீமோ ஏற்றி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்தச் சமயத்தில் வருகிற காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் இல்லை. 100.4 டிகிரியைத் தொட்டால் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி உடம்புக்குள் போயிருக்க வேண்டும். ராத்திரி விடியட்டும் என்று பார்த்தால், சிலருக்கு விடிவதில்லை.

மலையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். மார்கழிக் குளிரில் வீட்டில் எல்லோருக்குமே சளியும் காய்ச்சலும் இருக்கும். பெட்டிக்கடையில் ஒரு பாராசிட்டமால் வாங்கிப் போட்டு, மிளகு ரசம் குடித்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். காய்ச்சல் இறங்கும். தொற்று இறங்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாதையில் மரம் விழுந்துவிட்டால் கீழே இறங்கவும் வழியில்லை. ராத்திரியில் காட்டுமாடும் யானையும் பாதையில் நிற்கும்.

ஆகவே முதல் சுற்றிலேயே ஒரு தெர்மாமீட்டரை வாங்க வையுங்கள். உங்கள் முன்னால் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். முதலில் தெர்மாமீட்டர், அப்புறம்தான் பாராசிட்டமால் என்று வரிசை சொல்லிக் கொடுங்கள். கூடவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கெட்டி அட்டை எழுதிக் கொடுங்கள்: இவர் கீமோவில் இருக்கிறார், கடைசியாக மருந்து ஏற்றிய தேதி இது, காய்ச்சல் இருந்தால் உடனே ரத்த அணுக்களைப் பார்க்கவும், ஆன்டிபயாடிக் ஊசியைத் தாமதிக்க வேண்டாம், எங்கள் போன் நம்பர் இது. ரேஷன் கார்டு இருக்கிற பையில் அதை வைக்கச் சொல்லுங்கள். நடுராத்திரியில் 108 வண்டி எந்த மருத்துவமனையில் இறக்கினாலும் அங்கே இருக்கிற இளம் டாக்டருக்கு அந்த அட்டை பேசும். யாரைக் கூப்பிடுவது, யார் ஜீப் வைத்திருக்கிறார் என்பதையும் அன்றே கேட்டு வையுங்கள். மருந்தாளுநருக்கு ஜீப் விவரம் எதற்கு என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒருமுறை அந்த ஜீப்தான் ஒரு பிள்ளையை வத்தலக்குண்டுக்கு இறக்கியது.

7. மஞ்சப்பை.

அடுத்த தடவை வரும்போது வீட்டில் இருக்கிற மாத்திரை, டானிக், லேகியம், தைலம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்து வரச் சொல்லுங்கள். “வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா” என்று கேட்டால் இல்லை என்பார்கள். பையைக் கொட்டினால்தான் தெரியும்.

பெட்டிக்கடை காஸ் மாத்திரை ஒன்று கட்டாயம் இருக்கும். ஒமிப்ரசோல் போல வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் எர்லோடினிப், டாசாடினிப் மாத்திரைகளை உடம்பில் சேரவிடாது. பீடி குடிப்பவர் உடம்பு எர்லோடினிப்பைச் சீக்கிரம் எரித்துவிடும்; மாத்திரை போட்டும் பாதிப் பலன் இருக்காது. யூரிக் அமிலத்துக்கு அல்லோபியூரினால் போடுகிற ஒருவருக்கு மெர்காப்டோபியூரினை வழக்கமான அளவில் கொடுத்தால் ரத்த அணுக்கள் அழிந்துவிடும். மூன்றில் ஒரு பங்காகவோ நாலில் ஒரு பங்காகவோ குறைக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிறவர் கேப்சிடபின் தொடங்கினால் மூக்கிலும் ஈறிலும் ரத்தம் வரலாம்.

பழம் பற்றியும் கேட்பார்கள். கிரேப்ஃப்ரூட்டைத் தவிர்க்க வேண்டும் என்று மருந்துக் குறிப்பில் இருக்கும். அந்தப் பழத்தை நம் சனங்கள் கண்ணால் பார்த்ததில்லை. அதன் சொந்தமான பம்பளிமாஸைத் தெரியும். இமாடினிப், நிலோடினிப், லப்பாடினிப் போடுகிறவர்கள் பம்பளிமாஸைத் தொடாமல் இருப்பது நல்லது. குடலில் மருந்தை உடைக்கிற நொதியை அந்தச் சாறு முடக்கிவிடும், மருந்து அளவு மீறி ரத்தத்தில் ஏறும். நார்த்தங்காய் ஊறுகாயையும் அந்தக் காலத்துக்கு நிறுத்தி வைக்கச் சொல்வேன். கமலா ஆரஞ்சு சாப்பிடலாம். எங்கள் ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

8. நாட்டு மருந்தைப் பற்றிக் கேட்கும்போது குரலை உயர்த்தாதீர்கள். திட்டினால் நாட்டு மருந்தை விட மாட்டார்கள். உங்களிடம் சொல்வதைத்தான் விடுவார்கள்.

நித்யகல்யாணிச் செடியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் பூக்கிற ஊதாப் பூ. 1958-இல் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதன் இலையிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து தேடிப் போனவர்களுக்கு ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து கிடைத்தது. அதே செடியில்தான் வின்கிறிஸ்டினும் இருக்கிறது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் அந்தச் செடியை மருந்துக் கம்பெனிகளுக்காகவே பயிர் செய்கிறார்கள். இதைக் கேள்விப்பட்ட ஒரு குடும்பம், ஊசிக்குப் பலம் சேரட்டும் என்று தினமும் ஒரு கைப்பிடி இலையைக் கஷாயம் வைத்துக் கொடுத்தது. அவர்கள் தர்க்கம் எனக்குப் புரிந்தது. “அந்த மருந்தத்தான் அளந்து, சுத்தம் பண்ணி, ஊசியில ஏத்துறோம். இலையில எவ்வளவு இருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அளவு கூடினா நரம்பு செத்துப் போகும்” என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள்.

சமையலில் போடுகிற மஞ்சளும் மிளகும் ஒன்றும் செய்யாது. மஞ்சள் சத்தையும் மிளகுச் சத்தையும் அடைத்து விற்கிற கேப்ஸ்யூல் வேறு. மிளகில் இருக்கிற பைப்பரின் மற்ற மருந்துகளை உடம்பில் கூடுதலாக ஏற்றிவிடக்கூடியது. டாக்டருக்குத் தெரியாமல் அதைப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

9. “அவருக்கு என்ன வியாதின்னு தெரியாதுங்க, சொல்லிடாதீங்க.”

வாரத்துக்கு இரண்டு மகன்களாவது ஜன்னலில் குனிந்து இப்படிச் சொல்வார்கள். அவர்கள்மீது கோபப்பட வேண்டாம். அப்பா மனசு உடைந்துவிடுவார் என்ற பயத்தில் சொல்கிறார்கள். நோயின் பெயரைச் சொல்ல வேண்டியது டாக்டர். மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது நீங்கள். “இது பலமான மாத்திரை ஐயா. கை எரிஞ்சா, வாய் புண்ணானா, நாலு தடவைக்கு மேல வயித்தால போனா எனக்குச் சொல்லணும்” என்று அந்த அப்பாவையே பார்த்துச் சொல்லுங்கள், மகனைப் பார்த்து அல்ல. விழுங்கப் போகிறவர் அவர். “ஐயா, இது என்ன மருந்துங்க, புத்து நோய்க்கா?” என்று அவரே நேரடியாகக் கேட்டுவிட்டால் பொய் சொல்லக் கூடாது. “வாங்க, டாக்டர்கிட்டயே கேட்டுருவோம்” என்று எழுந்து கூடப் போங்கள். நான் அப்படி எழுந்து போனதில் பெரும்பாலான தடவை அந்த மனிதருக்கு முன்பே தெரிந்திருந்தது. மகனுக்காக அவர் மறைத்துக்கொண்டிருந்தார்.

வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கேட்கும்படி மருந்தின் பெயரையோ நோயின் பெயரையோ கூப்பிடாதீர்கள். மலைக் கிராமத்தில் ஒரு சொல் அவர்களுக்கு முன்பே பஸ்ஸில் ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

10. இந்த மாத்திரைகளைக் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டாம், உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம், கர்ப்பிணிப் பெண் தொடவே வேண்டாம். கீமோ எடுத்தபிறகு இரண்டு நாள் நோயாளியின் வாந்தியையும் சிறுநீரையும் கையுறை போட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும். லைன் வீட்டில் குழாய் உள்ளே இருக்காது, குடத்துத் தண்ணீர்தான். “ரெண்டு தடவை ஃப்ளஷ் பண்ணுங்க” என்று அச்சடித்த தாளைக் கொடுப்பதில் அர்த்தமில்லை. ஒரு வாளித் தண்ணீர் கூடுதலாக ஊற்றச் சொல்லுங்கள், துணியைத் தனியாக அலசச் சொல்லுங்கள். மிச்சமான மாத்திரையை ஓடையில் போடாமல் உங்களிடமே திருப்பித் தரச் சொல்லுங்கள்.

11. வெள்ளை அணுவை ஏற்றும் ஃபில்கிராஸ்டிம் ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். மலையே குளிர்தானே என்று பரணில் வைத்துவிடுவார்கள். ஃபிளாஸ்க்கில் ஐஸ் கட்டி, அதன்மேல் மடித்த துணி, துணிக்கு மேல் ஊசி. ஐஸ் நேராகப் பட்டு மருந்து உறைந்துவிடக் கூடாது. ஊர் போனதும் ஆரம்ப சுகாதார நிலையத்து ஃபிரிட்ஜில் வைக்க முடியுமா என்று நீங்களே போன் செய்து அந்த நர்ஸம்மாவிடம் பேசிவிட்டு ஊசியைக் கொடுங்கள்.

12. மார்ஃபினுக்குப் பயப்படாதீர்கள்.

1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் வந்தபிறகு, வலியில் துடிக்கிறவருக்கு ஒரு மார்ஃபின் மாத்திரை வாங்கித் தருவதே பெரும்பாடாக இருந்தது. உரிமத்துக்கு மேல் உரிமம். 2014-இல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். இப்போது தடையாக நிற்பது பெரும்பாலும் மனசில் இருக்கிற பயம். “போதைக்கு அடிமையாயிருவாரா” என்று வீட்டார் கேட்பார்கள். வலிக்காக, சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் போடுகிறவர் அப்படி ஆவது மிக அரிது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். வலி வந்தபிறகு போடுவதற்கு இல்லை இந்த மாத்திரை. நாலு மணிக்கு ஒருமுறை, வலி வருவதற்கு முன்பே.

மார்ஃபின் கொடுத்தால் மலமிளக்கியும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். சீட்டில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். வலி தீர்ந்தும் நாலு நாள் வயிறு இறங்காமல் அவதிப்பட்டு மாத்திரையைத் தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கடைசி நாட்களை மறுபடியும் வலியோடு கழித்தார்கள்.

13. பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். மாத்திரையை எண்ணிப் பாருங்கள். கணக்குக்கு மேல் மிச்சம் இருந்தால், ஒரு நாள் மாத்திரையை இரண்டு நாளைக்கு நீட்டுகிறார்கள் என்று அர்த்தம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, புதுப்பித்தாயிற்றா என்று கேளுங்கள். ஒரே மருந்து வெவ்வேறு கம்பெனியில் என்னென்ன விலை என்று தெரிந்து வைத்திருங்கள். கல்லீரல் புற்றுநோய்க்கான சொராஃபெனிப் மாதத்துக்கு 2,80,000 ரூபாய்க்கு மேல் விற்றது. 2012 மார்ச்சில் இந்தியாவின் முதல் கட்டாய உரிமம் நாட்கோ கம்பெனிக்குக் கிடைத்ததும் 8,880 ரூபாய்க்கு வந்தது. அடுத்த வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி, இமாடினிப் வழக்கில் உச்ச நீதிமன்றம் நோவார்டிஸின் காப்புரிமைக் கோரிக்கையை நிராகரித்தது. 2019-இல் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு கட்டுப்படுத்தியது. இவ்வளவுக்குப் பிறகும், விலை கூடின பெட்டியைத்தான் வாங்க வேண்டும் என்று நினைத்து ஆட்டை விற்கிறவர்கள் இருக்கிறார்கள். தரமான மாற்று மருந்து இருக்கிறது என்று சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

14. “நாம வெறும் மருந்து எடுத்துக் கொடுக்கிறவங்கதானே ஐயா” என்று ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு ஒரு வேலை தொடங்கியது. அம்பிளிக்கையில் இருக்கிற கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய சுகாதார மையத்தாரும், டாக்டர் ஆர். சங்கரநாராயணன் இருந்த சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து செய்தது. கிராமம் கிராமமாக நர்ஸ்களே போய், கருப்பை வாயில் அசெட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்து, புற்றாக மாறக்கூடிய இடத்தைக் கண்டுபிடித்தார்கள். 31,343 பெண்களைப் பரிசோதித்தார்கள். 2007-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: பரிசோதனை நடந்த பகுதியில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் ஏற்படும் சாவு 35 சதவீதம் குறைவு. பயிற்சி பெற்ற நர்ஸ்களின் கை செய்த காரியம். உலகம் முழுக்க அதை எடுத்துப் பேசினார்கள்.

அமெரிக்காவில் 1996-இலேயே புற்றுநோய் மருந்தியலைத் தனிச் சிறப்புப் பிரிவாக ஏற்றுக்கொண்டார்கள். இங்கிலாந்தில் 2006 முதல், தகுதி பெற்ற மருந்தாளுநர் தாமே மருந்து எழுதலாம். மாத்திரைக் கீமோ எடுப்பவர்களுக்கு மருந்தாளுநர்களே நடத்துகிற கிளினிக்குகள் அங்கே உண்டு. நம் நாட்டில் ஆறு வருஷ ஃபார்ம்.டி. படிப்பு 2008-இல் வந்தது. 2015-ஆம் ஆண்டு மருந்தாளுநர் தொழில் விதிகள், நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்கிச் சொல்வதை நம் கடமையாகவே எழுதி வைத்திருக்கின்றன. சட்டம் கொடுத்த நாற்காலி அது. பல மருத்துவமனைகளில் அந்த நாற்காலியைப் போட இன்னும் இடம் ஒதுக்கவில்லை. கேட்டு வாங்குங்கள், ஜன்னலுக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்டூல் போடுகிற அளவுக்கு ஒரு மூலை போதும்.

1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் 12 படுக்கையோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தபோது, மலையிலிருந்து ஒருவரை அங்கே கொண்டுபோவது ஊரே கூடிப் பேசி முடிவெடுக்கிற விஷயம். இன்று மாவட்ட மருத்துவமனைகளிலேயே கீமோவுக்குப் பகல்நேர மையங்கள் வைப்பதாக 2025 பட்ஜெட்டில் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. கட்டடமும் கட்டிலும் வந்துவிடும். மருந்தைக் கலக்கவும் சரிபார்க்கவும் விளக்கவும் தேர்ந்த ஆள் வேண்டும். நீங்கள் வேண்டும்.

15. எட்டாம் நாள் போன் செய்யுங்கள். எங்கள் பக்கத்தில் சில கிராமங்களில் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது; ரோட்டு வளைவுக்கு வந்து நின்றால்தான் கிடைக்கும். அதனால் நேரத்தை முன்பே பேசி வையுங்கள். “சாயங்காலம் அஞ்சு மணிக்கு வளைவுல நில்லுங்க, நான் கூப்பிடுறேன்.” நான்கு கேள்வி போதும்: காய்ச்சல் உண்டா, சாப்பிடுகிறீர்களா, வயிறு எப்படி, மாத்திரை எத்தனை மிச்சம். சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுங்கள். குளிரில் ஒருவர் அங்கே நின்றுகொண்டிருப்பார்.

16. சீட்டை வாங்கியதும் எந்த ஊர், எத்தனை மணிக்குப் பஸ் என்று கேளுங்கள். வத்தலக்குண்டில் கடைசி மலை பஸ்ஸை விட்டால் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில்தான் ராத்திரி. வெள்ளை அணு குறைந்த உடம்போடு, கொசுக்கடியில். மதுரையிலும் திண்டுக்கல்லிலும் இருக்கிறவர்கள் ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்வார்கள், கேட்டால் வழியும் விடுவார்கள். மலைக்குப் போகிறவர்களின் சீட்டை முதலில் எடுங்கள்.